கடலோரத்தில் ஒரு மாலை



இம்மாதம் உங்களை ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள வலென்சியா நகரின் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல விழைகிறோம். ஆண்டு 1909, பருவம் கோடை, நண்பகலின் கடுமை தணிந்து வெயில் சாயத் தொடங்கிய வேளை. ஈர மணலில் இரு பெண்கள் உலவி வருகிறார்கள். ஒருவர் தாய், மற்றவர் அவருடைய மூத்த மகள். இருவரும் கால்வரை தாழ்ந்த வெள்ளாடை அணிந்திருக்கிறார்கள். கடற்காற்று அவ்வாடைகளை ஒருபுறமாக இழுத்து அலைக்கழிக்கிறது. தொப்பியில் சுற்றிய மெல்லிய துகில் காற்றில் நெளிகிறது. தாயின் கையில் ஒரு வெயிற்குடை. பின்னால் கடல்.

படத்தில் உள்ளது இவ்வளவே. அவர்கள் எங்கும் விரைந்து செல்லவில்லை. எவரையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. கையில் சுமையில்லை, முகத்தில் கலக்கமில்லை. போர்க்களத்தையும் அரசரின் முடிசூட்டு விழாவையும் புனிதர் ஒருவரின் மறைசாட்சி மரணத்தையும் பெரிய ஓவியங்களில் கண்டு பழகிய கண்களுக்கு, 'இதில் என்ன நிகழ்கிறது?' என்ற கேள்வி எழுவது இயல்பே. ஒன்றும் நிகழவில்லை என்பதே விடை. ஆயினும் இந்த ஒன்றுமில்லாமைக்காக ஓவியர் எடுத்துக்கொண்ட கித்தான் சிறியதன்று. உயரம் 205 சென்டிமீட்டர். அகலம் 200 சென்டிமீட்டர். நம் வீட்டு வாயிற்கதவைப்போல் உயரமாக, இருவரும் ஏறத்தாழ ஆளளவாகவே நம் முன் நடந்து வருகிறார்கள். உலவுதல் என்னும் எளிய செயலுக்கு இத்துணைப் பெரிய இடத்தை ஒருவர் ஏன் ஒதுக்கினார்? இதையே இம்மாதம் நாம் ஆராய விரும்புகிறோம்.

ஓவியரின் பெயர் ஹோவாக்கின் சொரோயா. தைலவண்ணத்தில் தீட்டப்பெற்ற இந்த ஓவியத்துக்குக் 'கடற்கரை உலா' என்று பெயர். படத்திலுள்ள தாய், ஓவியரின் மனைவி குளோத்தில்தே. மகள் மரீயா, அப்போது பத்தொன்பது வயது நங்கை. இன்று இவ்வோவியம் மாட்ரிட் நகரில் சொரோயாவின் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்துக்கு உரியது.

முதலில் படத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். இதில் வானம் இல்லை; கடலும் வானும் கூடும் கோடும் இல்லை. மேல்விளிம்புவரை கடலே நிறைந்திருக்கிறது. கீழே ஒரு பகுதி வெறும் மணல். எதிர்பாராத நொடியில் யாரோ ஒருவர் அருகில் நின்று எடுத்த புகைப்படம்போல் காட்சி துண்டாக வெட்டப்பட்டிருக்கிறது. இதற்கு ஒரு காரணம் உண்டு. குளோத்தில்தேயின் தந்தை அந்தோனியோ கார்சியா வலென்சியாவில் பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர். இளைஞரான சொரோயா அவருடைய நிலையத்தில் பணிபுரிந்தவர். ஒளி ஒரு முகத்தின்மேல் எவ்வாறு விழுகிறது, படத்தின் ஓரத்தை எங்கே நிறுத்தவேண்டும் என்பனவற்றை அங்கே கண்ணாரக் கண்டு கற்றார். பிற்காலத்தில் தம் வாழ்க்கைத் துணையையும் அக்குடும்பத்திலேயே கண்டார்.

அடுத்து அந்த வெண்மையைப் பாருங்கள். வெள்ளாடை என்று சொல்லிவிட்டோம். ஆனால் அருகில் சென்று நோக்கினால், கலப்பற்ற வெள்ளை அதில் மிகக் குறைவு. நிழல் விழுந்த மடிப்புகளில் நீலமும் ஊதாவும் படர்ந்திருக்கின்றன. வெயில் படும் இடங்களில் மஞ்சள் கலந்த பால்நிறம். கடலின் நீலம் ஆடையில் ஏறியிருக்கிறது. மணலின் பழுப்பு ஆடையின் கீழ்விளிம்பில் ஒட்டியிருக்கிறது. கடலும் தனியொரு நீலமன்று. நீலமும் பச்சையும் ஊதாவுமாக நீண்ட தூரிகைக் கீற்றுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. சொரோயா நான்கு சுவருக்குள் அமர்ந்து நினைவிலிருந்து கடலை வரைந்தவர் அல்லர். பெரிய கித்தான்களைக் கடற்கரை மணலிலேயே நிறுத்தி, வெயிலையும் காற்றையும் தாங்கிக்கொண்டு விரைவாக வரைபவர். அவர் அவ்வாறு வரைந்துகொண்டிருப்பதைக் காட்டும் பழைய புகைப்படங்கள் உள்ளன. ஒளி மாறுமுன் கை முடிக்கவேண்டும் என்னும் அவசரம் அவருக்கு. படத்திலுள்ள இருவருக்கோ எவ்வகை அவசரமும் இல்லை.

அழகாக இருக்கிறது என்று இவ்வளவில் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் சிந்தனையுள்ள வாசகர்களுக்கு இங்கே இரண்டு தடைகள் தோன்றும். அவற்றை மறைக்காமல் எடுத்துரைப்பதே முறை.

முதல் தடை காலத்தைப் பற்றியது. 1898இல் ஸ்பெயின் நாடு அமெரிக்காவுடன் போரிட்டுத் தோற்றுக் கியூபாவையும் போர்த்தோ ரிக்கோவையும் பிலிப்பைன்ஸ் தீவுகளையும் இழந்தது. அந்த அவமானத்தின் நிழல் நாட்டின்மேல் நெடுங்காலம் கிடந்தது. 1909ஆம் ஆண்டுக் கோடையிலோ நிலைமை இன்னும் கொடிதாயிற்று. மொரோக்கோவில் நடந்த போருக்கு ஏழைத் தொழிலாளர்களைக் கட்டாயமாக அனுப்பினார்கள். பணம் கட்டக்கூடியவர்கள் தம் மக்களுக்கு விலக்குப் பெற்றார்கள். பார்சலோனா நகரம் கொதித்தெழுந்தது. ஜூலை மாதக் கடைசி வாரத்தில் அங்கே வெடித்த கலகத்தில் கோவில்களும் கன்னியர் மடங்களும் துறவியர் நடத்திய பள்ளிகளும் தீக்கிரையாயின. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாரத்துக்கு வரலாற்றில் 'துயர வாரம்' என்றே பெயர். பார்சலோனாவும் வலென்சியாவும் ஒரே கடலின் கரையில் உள்ளவை. இடைத்தொலைவு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அங்கே புகை எழுந்த அதே கோடையில், இங்கே ஒருவர் தம் மனைவியும் மகளும் காற்று வாங்கி உலவுவதை வரைந்தார் என்றால், அது பொறுப்பற்ற செயலன்றோ? சொரோயாவின் காலத்திலேயே இவ்வாறு கேட்டவர்கள் உண்டு. நாட்டின் துயரம் தெரியாத வெறும் வெயில் ஓவியர் என்று அவரை இகழ்ந்த எழுத்தாளர்களும் இருந்தார்கள்.

இரண்டாவது தடை வகுப்பைப் பற்றியது. அவ்வெள்ளாடைகளை வெளுத்துப் பெட்டி போட்டவர்கள் யார்? அக்கடற்கரை உலவுவோருக்கு மட்டும் உரியதன்று. அங்கே மீனவர் குடியிருப்பு இருந்தது. கடலில் மீன் பிடித்து மீளும் படகுகளை எருதுகளைப் பூட்டிக் கரைக்கு இழுத்தார்கள். மீனவப் பெண்கள் கூடையைச் சுமந்தார்கள். செல்வர் வீட்டுப் பெண்களின் ஓய்வை மட்டும் அழகென்று காட்டுவது நேர்மையாகுமா?

இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேட, அந்த ஓவியரின் வாழ்க்கையைச் சற்றுத் திருப்பிப் பார்க்கவேண்டும்.

சொரோயா 1863இல் வலென்சியாவில் சிறு துணி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அவருக்கு இரண்டு வயதானபோது, 1865இல், அந்நகரைக் காலரா நோய் தாக்கியது. தந்தையும் தாயும் அந்நோய்க்கே பலியாயினர். அவரையும் அவருடைய கைக்குழந்தைத் தங்கையையும் தாயின் உடன்பிறந்தவரும் அவர் கணவரும் எடுத்து வளர்த்தார்கள். வளர்ப்புத் தந்தை பூட்டு செய்யும் தொழிலாளர். சிறுவனுக்குப் பட்டறை வேலையில் மனம் செல்லவில்லை, படம் வரைவதிலேயே நாட்டம் என்று கண்டதும், அந்த எளிய மனிதர் அவனைத் தடுக்கவில்லை; கைவினைஞர் பள்ளியின் மாலை வகுப்புகளுக்கு அனுப்பினார். பெற்றோரின் முகம் நினைவில் பதியுமுன்னே அவர்களை இழந்த பிள்ளை அவர். குடும்பம் என்பது அவருக்குப் பிறப்பால் எளிதாகக் கிடைத்த பொருளன்று. இழந்தபின் பிறருடைய கருணையால் திரும்பக் கிடைத்தது.

1888இல் குளோத்தில்தேயை மணந்தார். மணமான புதிதில் இருவரும் இத்தாலியில், நம் புனித பிரான்சிஸ்கு பிறந்த அசிசி நகரில் குடியிருந்தார்கள். செல்வம் அப்போது இல்லை. சிறு சிறு நீர்வண்ணப் படங்கள் வரைந்து விற்றே குடும்பம் நடந்தது. பின்னர் மாட்ரிடில் குடியேறினார்கள். மரீயா, ஹோவாக்கின், எலேனா என மூன்று மக்கள் பிறந்தனர். கணவர் வரைந்தார், வீட்டையும் மக்களையும் பார்த்துக்கொண்டதோடு, வரவு செலவுக் கணக்கையும் மனைவியே கவனித்தார். சொரோயா பணி நிமித்தமாகப் பிரிந்திருந்த நாட்களில் ஏறக்குறைய நாள்தோறும் மனைவிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதங்கள் நூற்றுக்கணக்கில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

இந்தக் குடும்பத்தின்மேலும் இடி விழுந்தது. 1906ஆம் ஆண்டுக்கும் 1907ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில் மூத்த மகள் மரீயாவுக்குக் காசநோய் கண்டது. அன்று அச்சொல்லைக் கேட்ட பெற்றோரின் நெஞ்சம் எவ்வாறு நடுங்கியிருக்கும் என்பதை இன்றைய இளைய தலைமுறையினர் எளிதில் உணரமாட்டார்கள். அந்நோயின் கிருமியை 1882இலேயே ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதனைக் கொல்லும் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளும், எதிரி யார் என்று தெரிந்தும் கையில் ஆயுதமில்லாத காலம். நல்ல காற்று, நல்ல உணவு, வெயில், ஓய்வு. இவையே மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த மருந்து. பிழைத்தவர்கள் பிழைத்தார்கள், பலர் பிழைக்கவில்லை.

சொரோயா குடும்பத்தினர் மரீயாவை மாட்ரிட் நகரையடுத்த எல் பார்தோ என்னும் காட்டுப்புறத்துக்குக் கொண்டு சென்றனர். அங்கே தூய காற்றில் அவர் சிறிது சிறிதாகத் தேறி வந்தார். தந்தை அந்நாட்களில் மகளைப் பலமுறை வரைந்தார். அவற்றுள் ஒன்றில் மரீயாவே மரங்களிடையே அமர்ந்து படம் வரைந்துகொண்டிருக்கிறார். நோயினின்று மீளும் மகளின் கையில் தந்தை மீண்டும் ஒரு தூரிகையைக் காண்கிறார். அதைத் தம் தூரிகையால் பதிவு செய்துகொள்கிறார். பிற்காலத்தில் மரீயாவும் ஓவியரானார்.

பங்குப் பணியில் நீண்ட காலம் இருப்பவர்களுக்கு நோயுற்றோர் இல்லங்களைச் சந்திப்பது அன்றாடக் கடமை. நெடுநாள் படுக்கையில் கிடந்த பிள்ளை முதன்முறையாகத் தானே எழுந்து வாயிற்படிவரை வந்து நிற்கும் நாளை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். அன்று அவ்வீட்டில் விழா எதுவும் எடுக்கமாட்டார்கள். பிள்ளை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்க்கும். தாய் எதையோ செய்வதுபோல் பின்னால் நிற்பார். பிள்ளையின் நடையினின்று அவர் கண் விலகாது. அந்நொடியில் அவ்வீட்டில் 'ஒன்றும் நிகழவில்லை' என்று எவரேனும் சொல்ல முடியுமா?

இப்போது மறுபடியும் அந்தக் கடற்கரைக்கு வாருங்கள். ஆண்டு 1909. எல் பார்தோவின் குளிர்காலம் கழிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருக்கின்றன. மூச்சு வாங்காமல், எவர் கையையும் பற்றாமல், மரீயா கடற்காற்றுக்கு எதிரே நடக்கிறார். தாயும் உடன் நடந்து வருகிறார். தந்தை எதிரே நின்று அந்த நடையை ஆளளவில் வரைகிறார். மணலில் உலவுதல் ஒரு சிறு செயல் என்று நாம் நினைத்தோம். அம்மூவருக்கும் அது சிறு செயலன்று. கித்தானின் அளவுக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் நமக்குத் தோன்றவில்லை.

அவ்வாண்டு சொரோயாவுக்குப் புகழின் உச்சமும் ஆகும். பிப்ரவரி மாதம் நியூயார்க் நகரின் ஹிஸ்பானிக் கழகத்தில் அவருடைய 350க்கு மேற்பட்ட படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒரு மாதத்துக்குள் ஏறத்தாழ 1,60,000 பேர் வந்து கண்டார்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டாஃப்ட் அவர் முன் அமர்ந்து தம் உருவத்தை வரைவித்துக்கொண்டார். பெருஞ்செல்வமும் பெரும்புகழும் பெற்றுத் தாயகம் திரும்பியவர் நேரே வந்தது தாம் பிறந்த ஊரின் மணலுக்கே. வரையத் தேர்ந்தது மனைவியையும் மகளையுமே.

இனி, முன்னே நிறுத்திவைத்த தடைகளுக்கு வருவோம். நாட்டின் துயரமும் ஏழைகளின் உழைப்பும் தெரியாதவரா சொரோயா? 1894இல் அவர் வரைந்த ஓர் ஓவியத்தில், மீன்பிடி படகின் அடித்தளத்தில் அடிபட்டுக் கிடக்கிறான் ஓர் இளைஞன். முதிய மீனவர் இருவர் அவனைத் தாங்கிக் காயத்துக்குக் கட்டுப் போடுகிறார்கள். 'மீன் விலை அதிகமென்று இன்னும் சொல்கிறார்கள்!' என்பதே அதன் தலைப்பு. கடைத்தெருவில் பேரம் பேசுவோரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி அது. அந்த ஓவியம் இன்று மாட்ரிடின் பிராதோ அருங்காட்சியகத்தில் உள்ளது.

அதனினும் நம் நெஞ்சைத் தொடும் மற்றோர் ஓவியம் 1899இல் பிறந்தது. 'துயரமான மரபுரிமை' என்று அதற்குப் பெயர். இடம் அதே வலென்சியாக் கடற்கரை. புனித இறையோவான் சபையினர் அங்கே நடத்திவந்த இல்லத்தின் சிறுவர்கள் கடலில் குளிக்க வந்திருக்கிறார்கள். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர்கள், பார்வையிழந்தவர்கள், ஊன்றுகோலின்றி நிற்க இயலாதவர்கள். அவர்கள் நடுவே கறுப்பு அங்கி அணிந்த துறவறச் சகோதரர் ஒருவர் குனிந்து, கோல்களை ஊன்றி நிற்கும் ஒரு சிறுவனைத் தண்ணீருக்குள் தாங்கிப் பிடிக்கிறார். அந்தக் கடல் மட்டும் மற்ற நாட்களைப் போலன்றி இருண்டு கிடக்கிறது. 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் சொரோயாவுக்கு மிக உயர்ந்த பரிசு கிடைத்தபோது அங்கே வைக்கப்பட்டிருந்த படைப்புகளில் இதுவும் ஒன்று. அதனை வரையும்போது தாம் பட்ட வேதனையையும், அத்தகைய பொருளை மீண்டும் வரையப்போவதில்லை என்பதையும் அவர் பின்னாளில் தெரிவித்தார்.

ஆகவே, பத்தாண்டுகளுக்கு முன் ஊன்றுகோல்கள் பதிந்த அதே கரையில்தான் இவ்விரு பெண்களும் உலவுகிறார்கள். இதை அறிந்தபின் அவ்வெண்மை நம் கண்ணுக்கு வேறாகத் தோன்றுகிறது. துயரத்தைக் காணாதவர் வரைந்த மகிழ்ச்சியன்று இது. துயரத்தை முழுமையாகக் கண்டு, அதனை வரைந்து, தம் வீட்டு வாயிலிலும் அது வந்து நின்று திரும்பியதை அனுபவித்தவர் வரைந்த மகிழ்ச்சி. இவ்வுலகில் நோயும் இருக்கிறது, பகையும் இருக்கிறது என்று சொல்வது உண்மை. ஒரு மாலைப்பொழுதில் தாயும் மகளும் அச்சமின்றி உலவினார்கள் என்று சொல்வதும் உண்மையே. முதலாவதைச் சொல்பவரை மட்டும் நேர்மையாளர் என்றும், இரண்டாவதைச் சொல்பவரை ஏமாற்றுபவர் என்றும் கருதுவது சரியாகாது.

ஆயினும் வகுப்பைப் பற்றிய தடை முழுவதும் நீங்கிவிட்டது என்று நாம் சாதிக்கப்போவதில்லை. மரீயாவுக்குக் கிடைத்த தூய காற்றும் ஊட்ட உணவும் நீண்ட ஓய்வும் அக்கரையில் வாழ்ந்த மீனவர் வீட்டு நோயாளிப் பெண்ணுக்குக் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்பதே கசப்பான உண்மை. ஓய்வே மருந்தாக இருந்த நாளில், ஓய்வை விலை கொடுத்து வாங்க முடிந்தவர்களே பிழைக்கும் வாய்ப்பு மிகுதியாகப் பெற்றார்கள். ஆனால் இதிலிருந்து நாம் கற்கவேண்டுவது, அவ்விருவரின் ஓய்வைப் பழிப்பதன்று. எல்லார்க்கும் அது கிட்டவேண்டும் என்று விழைவதே. ஒருவருக்குக் கிடைத்த நலம் மற்றவர்க்குக் கிடைக்கவில்லை என்றால், குற்றம் நலத்தில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது.

இந்த ஓவியத்தின் பிற்கதையையும் சொல்லி முடிக்கவேண்டும்.

அமெரிக்காவில் கிடைத்த பொருளைக்கொண்டு சொரோயா மாட்ரிடில் ஒரு வீடு கட்டினார். அதைச் சுற்றித் தம் விருப்பப்படியே தோட்டம் அமைத்தார். 1911இல் ஹிஸ்பானிக் கழகத்துக்காக ஸ்பெயின் நாட்டின் பல்வேறு பகுதி மக்களைக் காட்டும் மாபெரும் ஓவிய வரிசையை வரைய ஒப்புக்கொண்டார். பதினான்கு பெரும் ஓவியங்கள். 1912 முதல் 1919 வரை ஊர் ஊராகச் சுற்றி, வெயிலிலும் குளிரிலும் நின்று அவற்றை முடித்தார். அவ்வுழைப்பு அவர் உடலை உருக்கிவிட்டது. 1920ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒருநாள், தம் தோட்டத்தில் ஓர் அம்மையாரின் உருவத்தை வரைந்துகொண்டிருக்கும்போதே பக்கவாதம் தாக்கியது. அதன்பின் மூன்றாண்டுகள் வாழ்ந்தார். ஆனால் தூரிகை பிடிக்க இயலவில்லை. 1923ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் இறந்தார். அமெரிக்காவில் அவருடைய பெரும் ஓவிய வரிசை 1926இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டபோது அதைக் காண அவர் உயிரோடில்லை.

எனவே குளோத்தில்தேயின் வாழ்க்கையை நோக்கினால், இப்படம் காட்டும் மாலைப்பொழுது இரண்டு நோய்ப்படுக்கைகளுக்கு நடுவே அமைந்திருக்கிறது. ஒருபுறம் 1907க்கு முன் மகளின் படுக்கை. மறுபுறம் 1920க்குப் பின் கணவரின் படுக்கை. இரண்டினருகிலும் விழித்திருந்தவர் அவரே. வெயிற்குடையுடன் மணலில் உலவிய அம்மாலையில் வரப்போவதை அவர் அறியார். அறிந்திருந்தால் உலவியிருக்கமாட்டாரோ? அவ்வாறு நமக்குத் தோன்றவில்லை. அன்றைய நாளின் ஆறுதலை அன்றைக்கு ஏற்றுக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கே நாளைய சுமையைத் தூக்கும் வலிமையும் எஞ்சியிருக்கும்.

கணவர் மறைந்தபின் குளோத்தில்தே ஒரு பெருஞ்செயல் செய்தார். வீட்டையும் தம்மிடமிருந்த கணவரின் ஓவியங்களையும் நாட்டுக்கே உரிமையாக்கி 1925இல் உயில் எழுதினார். அங்கே ஓர் அருங்காட்சியகம் அமையவேண்டும் என்பதே அவர் கருத்து. 1929இல் அவரும் இறந்தார். 1932இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது; அவர்களுடைய மகன் ஹோவாக்கினே அதன் முதல் இயக்குநர் ஆனார். வரவு செலவுக் கணக்கை ஆண்டுக்கணக்காகப் பார்த்து வந்த அம்மையார், இறுதியில் எல்லாவற்றையும் பிறர்க்கென்று எழுதிக் கணக்கை முடித்தார்.

அன்புள்ள குடும்பத்தலைவர்களே, குடும்பத்தலைவியரே! இந்த ஓவியத்தின்முன் நின்றபின் நம் இல்லங்களை எண்ணாமல் இருக்க முடியவில்லை. நம் தாய்மாரைப் புகழும்போதெல்லாம் அவர்களுடைய உழைப்பையே புகழ்கிறோம். விடியுமுன் எழுந்தார், எல்லாரும் உண்டபின் உண்டார், தம் நோயைப் பாராமல் பிறர் நோயைப் பார்த்தார் என்கிறோம். அப்புகழ் உண்மையானதே. ஆனால் அவர்கள் ஓய்ந்திருந்த வேளையை எவரேனும் நினைவில் வைத்திருக்கிறோமா? அடுப்படியில் குனிந்த உருவமே அன்னையின் நினைவாக நம் உள்ளத்தில் பதிந்திருக்கிறது. காற்று வாங்கிச் சிரித்து நின்ற உருவம் பதியவில்லை. பதியாமைக்குக் காரணம் அத்தகைய வேளையே அவர்களுக்கு வாய்க்காததுதானோ என்று அஞ்சுகிறோம்.

சொரோயா தம் மனைவியைப் பல கோலங்களில் வரைந்தார். கைக்குழந்தை எலேனாவோடு வெண்ணிறப் பெரும் படுக்கையில் சாய்ந்திருக்கும் கோலத்தில் வரைந்த 'அன்னை' என்னும் ஓவியமும் புகழ்பெற்றதே. மகப்பேற்றின் களைப்பு நீங்காத அந்த அன்னைக்கும், கடற்கரையில் உலவும் இந்த அன்னைக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் ஒருவர் அவரைக் கவனித்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்; அவருடைய உழைப்பை மட்டுமன்று, இளைப்பாறுதலையும் பார்த்திருக்கிறார். அன்பு என்பதற்கு நாம் எத்தனையோ விளக்கம் கூறுகிறோம். ஒருவர் ஓய்ந்திருப்பதைக் கண்டு மகிழ்தலும் அவற்றுள் ஒன்று.

நம்மில் எல்லார்க்கும் கடல் அருகில் இல்லை. வெள்ளைப் பட்டும் வெயிற்குடையும் வேண்டியதில்லை. மாலையில் ஒரு மணி நேரம், 'இந்த வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அம்மாவும் அக்காவும் சற்று வெளியே நடந்துவிட்டு வரட்டும்' என்று ஒரு வீட்டில் தந்தையோ மகனோ சொன்னால் அது போதும். அவர்கள் திரும்பி வரும்போது வாயிலில் நின்று, அந்த நடையைக் கண்ணாரப் பாருங்கள். வரைவதற்கு நமக்குக் கை வராவிட்டாலும் பார்ப்பதற்குக் கண் இருக்கிறது.